இலவச இன்சுலேஷன் என்று வந்தவரிடம் கையெழுத்து வைத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

வடமேற்கு லண்டனில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நீளமான அந்தக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

1930களில் கட்டிய வீடு, ஒரு பக்கம் அயல்வீட்டோடு ஒட்டியது. மோட்கேஜ் எடுத்து வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. கணவர் களஞ்சியசாலையில் வேலை செய்கிறார், இவர் பாடசாலைச் சமையலறையில் பகுதிநேரம். இருவரின் சம்பளமும் சேர்ந்து, வரிக்கு முன், வருடத்துக்கு 34,000 பவுண்டு அளவில் வருகிறது. இரண்டு பிள்ளைகள். கூடவே 72 வயது அம்மா. அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை) வருகிறது, முட்டு வருத்தமும் (ஆஸ்துமா) இருக்கிறது. அவர் படுக்கும் பின்னறையின் வெளிச்சுவரில் ஒவ்வொரு குளிர்காலமும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது.

ஒரு சனிக்கிழமை, கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளைஞர் கதவைத் தட்டியிருக்கிறார். தமிழில் கதைத்தார், ஊர் விசாரித்தார், அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். "அரசாங்கத் திட்டம், சுவர் முழுக்க இலவசமாக இன்சுலேஷன் செய்து தருகிறோம், இந்த வாரத்தோடு முடிகிறது" என்றார். இன்சுலேஷன் என்றால் வீட்டின் சூடு வெளியேறாமல் தடுக்கும் நிரப்போ பலகையோ. வெளியே நின்று ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்தார். டேப்லட்டில் கையெழுத்து வாங்கினார். அம்மாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தைப் படம் எடுத்தார். 'சேர்வே கட்டணம்' என்று 295 பவுண்டை இவருடைய கிரெடிட் கார்டில் எடுத்துக்கொண்டு போனார். கையில் மிஞ்சியது கவுன்சிலின் பெயர் பெரிதாக அச்சிட்ட ஒரு துண்டுப்பிரசுரம் மட்டும். மாலையில் கணவர் வந்து கோபப்பட்டார்: "அரசாங்கம் சும்மா ஒன்றும் தராது, நாளைக்கு வீட்டில் பங்கு கேட்கும். வேலை செய்கிற எங்களுக்கு இதெல்லாம் கிடைக்கவும் கிடைக்காது." வாசகி கேட்பது இவைதான். கையெழுத்தை ரத்துச் செய்யலாமா? அப்படி ஒரு திட்டம் உண்மையிலேயே இருக்கிறதா? செய்தால் பூஞ்சணம் போகுமா? கடைசியில், வாடகை வீட்டில் இருக்கும் தம்பிக்கும் இது கிடைக்குமா?

அன்புள்ள சகோதரி,

வெட்கமாக இருக்கிறது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அந்நிய நாட்டில் வாசலில் நின்று ஒருவர் நம் மொழியில் அம்மாவை நலம் விசாரித்தால் கதவு தானாகத் திறக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் சில நிறுவனங்கள் தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ் வீடுகளுக்கு அனுப்புகின்றன. அந்தப் பிள்ளைக்கே தான் விற்பது என்னவென்று முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு மின்னஞ்சலும் கொஞ்சம் பொறுமையும்தான்.

கையெழுத்தும் 295 பவுண்டும்

வியாபாரி உங்கள் வீட்டுக்கு வந்து, அங்கே வைத்தே செய்த ஒப்பந்தம் இது. 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யலாம். "இலவச வேலைதானே, ஒப்பந்தம் எங்கே இருக்கிறது?" என்று அவர்கள் வாதாடக்கூடும். ஆனால் காசு வாங்கிவிட்டார்கள். அந்த 295 பவுண்டே உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்றும் உண்டு. ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதை எழுத்தில் தருவது அவர்கள் கடமை. உங்களிடம் துண்டுப்பிரசுரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் ஏதாவது வந்ததா என்று தேவையற்ற அஞ்சல் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால், ரத்துச் செய்யும் காலம் 14 நாளோடு முடிவதில்லை, மேலும் 12 மாதம் வரை நீள்கிறது. ஆகவே இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது இரண்டு வாரம் தாண்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அதற்காக நாளைக்கென்று வைக்கவும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் மூன்று வரி போதும். இந்தத் தேதியில் என் வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன். கட்டிய 295 பவுண்டை 14 நாளுக்குள் திருப்பித் தரவும். நீங்கள் எடுத்த என் தகவல்களையும் அம்மாவின் கடிதப் படத்தையும் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதிப்படுத்தவும். மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ரத்துச் செய்ததாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

ஒரு சின்ன ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். "வேலையை உடனே தொடங்கச் சம்மதம்" என்ற கட்டத்தில் அவரே அடையாளம் போட்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் ரத்துச் செய்யும் உரிமை போய்விடாது. அதுவரை செய்த வேலைக்கு நியாயமான தொகையைக் கேட்க முயல்வார்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் வெளியே நின்று பார்த்ததற்கு 295 பவுண்டு நியாயம் என்று எந்த நீதிபதியிடமும் சொல்ல முடியாது.

அவர்கள் காசைத் தராமல் இழுத்தடித்தால் கார்ட் நிறுவனத்திடம் போங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்ட் நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. கார்ட் உங்கள் பெயரில், கையெழுத்தும் உங்களுடையது என்பதால் அதில் சிக்கல் இல்லை. அம்மாவின் கடிதத்தில் தேசியக் காப்புறுதி எண் இருந்திருக்கும். ஆகவே அடுத்த சில மாதங்களுக்கு வங்கிக் கூற்றுகளைக் கவனமாகப் பாருங்கள். "கவுன்சிலில் இருந்து கதைக்கிறோம்" என்று அழைப்பு வந்தால், வைத்துவிட்டு நீங்களே கவுன்சிலின் எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள்.

கணவர் சொல்வதில் எது சரி

சந்தேகப்பட்டது சரி. காரணங்கள்தான் பிழை.

திட்டம் உண்மையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் கவுன்சில்கள் வழியாக நடப்பதன் பெயர் 'வோர்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்'. 2025 ஏப்ரலில் தொடங்கியது, 2028 மார்ச் வரை என்று திட்டமிட்டிருக்கிறார்கள். "இந்த வாரத்தோடு முடிகிறது" என்பது வாசலில் சொல்லும் அவசரம். வீடு ஒன்றுக்குச் சராசரியாக 15,000 பவுண்டு வரை இன்சுலேஷன் போன்ற வேலைகளுக்கும், இன்னொரு 15,000 வரை ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் இருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) போன்ற சூடாக்கும் முறைகளுக்கும் ஒதுக்குகிறார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் கையிலிருந்து ஒரு சதமும் போடத் தேவையில்லை. இது கடன் அல்ல. வீட்டின் மேல் பொறுப்பு எதுவும் பதியப்படுவதில்லை, யாரும் வந்து பங்கு கேட்கப் போவதில்லை. மோட்கேஜ் இருப்பதும் தடை அல்ல.

"வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்காது" என்பதும் நம்மவர்களிடம் ஊறிப்போன எண்ணம். உள்ளே போக மூன்று வாசல் இருக்கிறது, ஒன்று திறந்தால் போதும். வசதி குறைந்த பகுதி என்று அரசு பட்டியலிட்ட அஞ்சல் குறியீட்டில் வீடு இருக்க வேண்டும். அல்லது வீட்டில் ஒருவர், வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகையைப் பெற வேண்டும். அல்லது குடும்பத்தின் வருட வருமானம், வரிக்கு முன், 36,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அம்மாவின் பென்ஷன் கிரெடிட் இரண்டாவது வாசலைத் திறக்கிறது. இதற்கு மேல், வீட்டின் எரிசக்திச் சான்றிதழ் (ஏ சிறந்தது, ஜி மோசமானது) டி முதல் ஜி வரையான தரத்துக்குள் வர வேண்டும். நீங்கள் வீடு வாங்கியபோது ஈ என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் பத்து வருடம்தான் செல்லும், அதனால் காலாவதியாகி இருக்கலாம். அரசின் இணையதளத்தில் முகவரி போட்டு இலவசமாகவே பார்க்கலாம்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். இந்தக் காசு அவர் இரவு வேலை செய்து கட்டிய வரியில் இருந்து வருகிறது. தகுதி இருந்தும் கேட்காமல் விடுவதால் வேறு யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை, அம்மாவின் அறைதான் குளிராகவே கிடக்கும். வீட்டு வெப்பம் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டல் தந்தது. முட்டு உள்ளவர்களுக்கு அதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

சுவரைத் தொட முன்

நான் வீட்டு வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் பார்க்கும் சட்டத்தரணி, கட்டட நிபுணர் அல்ல. ஆனாலும் பிழையாகிப்போன இன்சுலேஷன் வேலைகளின் கோப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருப்பதால், எங்கே பிழை வருகிறது என்பது ஓரளவு பழகிவிட்டது. இந்தப் பகுதியைக் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலை தந்தது அந்த 295 பவுண்டு அல்ல, இதுதான்.

மின், எரிவாயு நிறுவனங்கள் வழியாக நடந்த இரண்டு திட்டங்களைத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து, 2025 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. வெளிச்சுவரில் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 வீதமானவற்றில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருந்ததாக அது மதிப்பிட்டது. உட்சுவரில் செய்தவற்றில் 29 வீதம். வாசித்துவிட்டு வெகுநேரம் மனம் ஆறவில்லை. அந்த வீடுகளில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள். உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் கையெழுத்து வைத்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். 1930களின் வீடுகளில் பெரும்பாலும் வெளிச்சுவர் இரண்டு வரிசையாக, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கும். அந்த இடைவெளியைத்தான் கவிட்டி என்கிறார்கள். செங்கல்லின் நீளப் பக்கம் மட்டுமே வெளியே தெரிந்தால் கவிட்டிச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமும் குட்டையும் மாறி மாறித் தெரிந்தால் இடைவெளி இல்லாத திடச் சுவராக இருக்கலாம். எது என்பதைப் பொறுத்துச் செய்யும் வேலையே வேறு. கவிட்டி என்றால் சின்னத் துளை போட்டு உள்ளே நிரப்புவார்கள். திடச் சுவர் என்றால் வெளியேயோ உள்ளேயோ பலகை ஒட்டிப் பூசுவார்கள். துளை வழியாகச் சிறு கமெரா விட்டுப் பார்க்காமல், ஐந்து நிமிடத்தில், "சுவர் முழுக்கச் செய்து தருகிறோம்" என்று எவராலும் பொறுப்போடு சொல்ல முடியாது.

அம்மாவின் அறைச் சுவரைப் பற்றி இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள். அதைவிட, யன்னலுக்கு மேலே மழை பெய்த பிறகு பெரிதாகும் மண்ணிற ஈரத் திட்டு. இவை இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, அறைக்குள் இருக்கும் ஈரப்பதம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராவதால் வருவது. இரண்டாவது, அநேகமாகக் கூரைப் பீலி (கூரையோரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்கால்) உடைந்து வெளியே இருந்து இறங்கும் மழைத்தண்ணீர். மழை இறங்கும் சுவரின் இடைவெளியை நிரப்பினால், தண்ணீர் உட்சுவருக்கு வர நீங்களே பாலம் போட்டதாகிவிடும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. நிரப்பி இரண்டு குளிர்காலத்துக்குள் படுக்கையறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு நனைந்தது. செய்த நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. 25 வருட உத்தரவாதம் வேறொரு சுயாதீன அமைப்பின் பெயரில் இருந்ததால்தான் நிரப்பியதை வெளியே எடுக்க முடிந்தது. ஆகவே முதலில் பீலியைத் திருத்துங்கள், சுவர் காயட்டும்.

சரி, பீலியைத் திருத்தி, ஒழுங்காக இன்சுலேஷனும் செய்தால் பூஞ்சணம் போய்விடுமா? அரைவாசிதான் ஆம். சுவர் சூடானால் அதில் நீர் படிவது குறையும். ஆனால் ஐந்து பேர் மூச்சுவிடும், சோறு வடிக்கும், புட்டு அவிக்கும், ஹீட்டரின் மேல் உடுப்புக் காயப்போடும் வீட்டில் ஈரம் ஒரு நாளைக்கு லீட்டர் கணக்கில் காற்றில் கலக்கிறது. இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டு, ஈரம் வெளியேற வழி வைக்காவிட்டால் அது யன்னல் விளிம்புக்குப் போய் அங்கே பூஞ்சணமாகும். குசினியிலும் குளியலறையிலும் வேலை செய்யும் விசிறி, யன்னல்களில் சின்னக் காற்றுத் துவாரம், கதவுகளுக்குக் கீழே இடைவெளி, இவை இன்சுலேஷனோடு சேர்ந்தே வர வேண்டும். இந்த வேலைகளுக்கான தரநிலையும் காற்றோட்டத்தைச் சோதித்துத்தான் தொடங்க வேண்டும் என்கிறது. குளிர்காற்று வருகிறது, கரண்ட் செலவாகிறது என்று விசிறியை நிறுத்திவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நீங்களும் நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

லொஃப்டையும் (கூரைக்குக் கீழே உள்ள பரண்) மறக்க வேண்டாம். செலவுக்கு அதிகப் பலன் தருவது அதுதான், ஆபத்தும் குறைவு. கனிமக் கம்பளி என்றால் 270 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் அந்த அளவு இருக்காது. சூட்கேஸ்களும் ஊரில் இருந்து கொண்டுவந்த பெரிய பாத்திரங்களும் அங்கேதான் இருக்கும், தெரியும். அவற்றைக் கம்பளியின் மேல் அழுத்தி அடுக்கினால் அது வேலை செய்யாது. கூரையின் ஓரங்களில் காற்றுப் போகும் இடைவெளியை அடைக்கவும் கூடாது.

கவுன்சிலிடம் போகும் வழி

துண்டுப்பிரசுரத்தில் இருக்கும் எண்ணுக்கு எடுக்காதீர்கள். அரசின் இணையதளத்தில் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கும் பக்கம் இருக்கிறது, அது உங்களை உங்கள் கவுன்சிலிடம் சேர்க்கும். அல்லது நேரடியாகக் கவுன்சிலுக்கு எடுத்து, கதவைத் தட்டிய அந்த நிறுவனம் உண்மையில் கவுன்சிலுக்காக வேலை செய்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கவுன்சில் வேலையை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பது சாதாரணம். ஆனால் உங்கள் பெயரைக் கவுன்சில் அனுப்ப முன் யாரும் கதவைத் தட்டிக் காசு கேட்கத் தேவையில்லை.

பிறகு ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அறை அறையாக அளந்து, ஈரம், காற்றோட்டம், லொஃப்ட் எல்லாம் பார்ப்பதற்கு நல்ல நேரம் எடுக்கும். அதன்பின் ஒரு ஒருங்கிணைப்பாளர் திட்டம் வகுப்பார். அந்த மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அம்மாவின் முட்டு வருத்தத்தைப் பற்றி வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். வேலை செய்யும் நிறுவனம் டிரஸ்ட்மார்க்கில் (அரசு அங்கீகரித்த தரப் பதிவேடு) பதிந்ததா என்று அந்தத் தளத்திலேயே தேடிப் பாருங்கள். சட்டையிலும் வாகனத்திலும் ஒட்டிய சின்னத்தை நம்ப வேண்டாம். உத்தரவாதம் அந்த நிறுவனம் மூடினாலும் நிலைக்கும் காப்புறுதியோடு வருகிறதா என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இலவச வேலைதானே, குறை சொல்வது மரியாதை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். முடிந்துவிட்டதாகக் கையெழுத்துக் கேட்பார்கள். பூச்சு வெடித்திருந்தால், விசிறி போடாமல் விட்டிருந்தால், அது சரியாகும் வரை கையெழுத்து வைக்க வேண்டாம்.

திட்டத்தின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, உங்கள் சுவருக்கு ஒன்றும் செய்ய முடியாது, லொஃப்டும் விசிறியும் மட்டும்தான் என்று சொல்லவும் கூடும். ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிறவர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தம்பியின் வாடகை வீடு

தம்பிக்கும் கிடைக்கலாம், வீட்டுக்காரர் சம்மதித்தால். தனியார் வாடகை வீடும் இதே மானியத்துக்குள் வருகிறது. ஒரு வீட்டுக்காரருக்கு முதல் வீட்டுக்கு முழுச் செலவும் கிடைக்கும், அடுத்த வீடுகளுக்கு அவர் பாதி போட வேண்டும். வீட்டுக்காரர் ஊர்க்காரர், கேட்டால் மனம் கோணுவார், எழும்பச் சொல்லிவிடுவார் என்று தம்பி பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. வீட்டுக்காரருக்கு முன்பணச் செலவு இல்லாத எரிசக்தி வேலைக்குக் குடியிருப்பவர் எழுத்தில் சம்மதம் கேட்டால், நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது என்று 2016 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இரண்டாவது, காரணம் சொல்லாமல் வெளியேற்ற உதவிய 21ஆம் பிரிவு அறிவித்தலை வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நீக்குகிறது. வீட்டை விற்க வேண்டும், தானே குடிவர வேண்டும் போன்ற காரணங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் இருக்கின்றன. ஆகவே பாதுகாப்பு முழுமையானது என்று சொல்ல மாட்டேன்.

என் யோசனை, தம்பி சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல், முதலில் ஒரு தேநீரோடு கதைக்கட்டும். "அண்ணை, உங்கள் வீட்டின் பெறுமதிதான் கூடுகிறது, உங்களுக்கு ஒரு செலவும் இல்லை" என்று சொல்லிப் பார்க்கட்டும். பதில் வராவிட்டால் மின்னஞ்சலில் கேட்கட்டும். அப்போதும் இழுத்தால், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். உங்கள் ரத்துக் கடிதத்தை எழுதவும் அவர்களே உதவுவார்கள்.

அம்மாவின் கட்டிலை அந்த வெளிச்சுவரில் இருந்து தள்ளி உட்சுவர்ப் பக்கம் போடுங்கள், அலுமாரியை ஒரு கை அகலம் முன்னே இழுத்துவிடுங்கள். பூஞ்சணத்தைத் துடைக்கும்போது அம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. பீலி திருத்துபவரை இந்த வாரமே கூப்பிடுங்கள், மழைக்காலம் காத்திருக்காது.